நான் எழுதிய நாலாவது விதி

போன மாதம் நடந்த உடற்பயிற்சி ஆசிரியர் கூட்டத்தில் என்னைக் கூப்பிட்டு மாலை போட்டு, மேடைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தீர்கள். நன்றி. அப்போது உங்களில் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "சார், பசங்க இப்ப தோள் வரைக்கும் முடி வளக்குறாங்க. கிருதாவைத் தாடை வரைக்கும் இறக்குறாங்க. டீம்ல இடம் வேணும்னா வெட்டிட்டு வான்னு சொல்லலாமா, கூடாதா?"

பாதிப் பேர் சொல்லலாம் என்றீர்கள். மீதிப் பேர், ஆடத் தெரிந்தால் போதும், முடி நமக்கு எதற்கு என்றீர்கள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் வாய் திறக்கவில்லை. கேட்டவருக்கு அது வருத்தமாக இருந்திருக்கும். எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. எழுந்து நின்று சொல்லத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். இதை இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு உட்கார என்னால் ஆகாது. அதனால் எழுதி அனுப்புகிறேன். நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

முதலில் ஒரு நகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதுகளின் கடைசியில், திண்டுக்கல் டவுனில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் எனக்கு முதல் வேலை. இடதுகைச் சுண்டுவிரலில் மட்டும் நகம் வளர்ப்பது அப்போது ஒரு நாகரிகம். எங்கள் கபடி ஆட்டக்காரன் ஒருவன் அப்படி வளர்த்திருந்தான். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டேன். கூட்டம் கூடிவிட்டது, எதிர் டீம் கோட்டில் நிற்கிறது. "முடிஞ்சதும் வெட்டிரு" என்று சொல்லிவிட்டு விசிலை எடுத்தேன். கால் மணி நேரத்தில் அந்த நகம் எதிர் டீம்காரன் ஒருவனின் கீழ் இமையைக் கிழித்தது. பார்வை தப்பித்தது. இமை மட்டும் சற்றுத் தொங்கியபடி நின்றுவிட்டது. ஒரு வாரம் கழித்து அவன் தகப்பனார் பள்ளிக்கு வந்தார். சண்டை போடவில்லை. "நகம் வளந்திருந்தது உங்களுக்குத் தெரியாதுங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். அது பொய்.

அன்றிலிருந்து, ஆட்டத்துக்கு முன் பத்து விரலையும் தடவிப் பார்க்காமல் யாரையும் நான் கோட்டுக்குள் விட்டதில்லை. மோதிரம், கடுக்கன், இடுப்புத் தாயத்து எல்லாம் கழற்றிய பிறகுதான் ஆட்டம். இதில் யாருக்கும் சலுகை கிடையாது. இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த இமையைப் பார்த்து நான் கற்றுக்கொண்டது அது மட்டும் அல்ல. கண்டிப்பாக இருப்பவன் தப்பு செய்யமாட்டான் என்றும் சேர்த்துக் கற்றுக்கொண்டேன். அந்தப் பாதி தப்பு என்று தெரிவதற்கு ஒரு மனிதன் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் பள்ளியை விட்டுவிட்டு, வேடசந்தூர் சாலையில் இருந்த ஒரு நூற்பாலையில் விளையாட்டுப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். மில்லுக்குச் சொந்தமாக ஒரு வாலிபால் டீம் இருந்தது. எல்லோரும் தொழிலாளிகள். ஷிஃப்ட் முடிந்ததும் தலையில் பஞ்சுத் தூசியோடு அப்படியே வலைக்கு வந்துவிடுவார்கள். என்னை மாஸ்டர் என்பார்கள். கேப்டன் ஆரோக்கியம் டவுன்காரன், உயரமானவன், பந்தை அடித்தால் எதிராளி கையை உதறுவான். ஆனால் அவன் அடிக்க வேண்டுமானால், வலையோரம் ஒருவன் நின்று பந்தைப் பதமாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்தவன் தாடிக்கொம்பு ரெங்கசாமி. லிஃப்டர் என்போம். இருபத்துநாலு வயது இருக்கும். அதிகம் பேசமாட்டான். பேசும்போது தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்வான். கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தேன். அடர்த்தியான மீசை, மேலுதட்டை முழுக்க மூடியிருக்கும். அவன் பத்து விரல் நுனியிலும் பந்து ஒரு கணம் உட்கார்ந்துவிட்டு எழும்புவதுபோல இருக்கும். அதற்குப் பிறகு எத்தனையோ பேரைப் பழக்கியிருக்கிறேன். அந்தக் கை யாருக்கும் வரவில்லை.

ஒட்டன்சத்திரத்தில் ஒரு போட்டி. கோட்டில் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று தகராறு வந்தது. எங்கள் ஆட்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அடிதடி ஒன்றும் இல்லை, வாய்ச்சண்டைதான். ஆனால் போட்டி நடத்தியவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏனுங்க மாஸ்டர், தப்பா நினைச்சுக்காதீங்க. ஒருத்தன் தாடி, ஒருத்தன் முறுக்கு மீசை, ஒருத்தன் பரட்டைத் தலை. பாத்தா டீமாட்டவே இல்லீங்க. பஞ்சாயத்துப் பேச வந்தவங்களாட்ட இருக்குதுங்க. அடுத்த வருசம் கூப்பிடறது கஷ்டமுங்க."

வரும் வழியெல்லாம் பஸ்ஸில், என் டீமைப் பார்த்து ஒருவன் இப்படிச் சொல்லிவிட்டானே என்று மனசு எரிந்தது. நடுவரைச் சூழ்ந்ததற்குத்தான் நான் அவர்களைக் கண்டித்திருக்க வேண்டும். அது கஷ்டமான வேலை. ஒவ்வொருவனோடும் உட்கார்ந்து பேச வேண்டும், கோபத்தை அடக்கப் பழக்க வேண்டும். முடியை வெட்டச் சொல்வது சுலபம். நான் சுலபமானதைச் செய்தேன்.

மறுநாள் ஒரு தாளில் நாலு விதி எழுதினேன். பனியன் துவைத்திருக்க வேண்டும். தலைமுடி காதுக்கு மேல் நிற்க வேண்டும், எண்ணெய் வைத்து வாரியிருக்க வேண்டும். தாடி கூடாது. மீசை கூடாது. மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர், வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு தடவை படித்துப் பார்த்து, "ரொம்ப நல்லாருக்குதுங்க மாஸ்டர், இதை முன்னாடியே செஞ்சிருக்கோணும்" என்று டைப் அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நானே பசை தடவி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். சற்றுத் தள்ளி நின்று பார்த்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

முணுமுணுத்தார்கள், ஆனாலும் செய்தார்கள். "வீட்டுல சின்னவன் என்னையப் பாத்து அழுகுறான் மாஸ்டர், யாரோ வந்துட்டான்னு" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பழனிக்கு முடி நேர்ந்து வளர்த்திருந்தவன் ஒருவன் வந்து சொன்னான். தைப்பூசம் வரைக்கும் நீ வைத்துக்கொள், துண்டால் கட்டிக்கொண்டு ஆடு என்று விட்டுவிட்டேன். காரணம் சொன்னால் கேட்கிற மனுசன்தான் நான் என்று எனக்கே என்னைப் பற்றி நல்ல எண்ணம்.

ரெங்கசாமி மட்டும் மீசையோடு வந்துகொண்டிருந்தான். மூன்றாம் நாள் பயிற்சி முடிந்ததும் மற்றவர்கள் போகட்டும் என்று நின்றான்.

"மாஸ்டர், தலையை ஒட்ட வெட்டிக்கிறேன். மீசைய மட்டும் விட்ருங்க."

"ஏன்ப்பா?"

தலையைக் குனிந்துகொண்டான். "சும்மாதான் மாஸ்டர்."

"வேண்டுதலா?"

"இல்ல மாஸ்டர்."

"வேற என்ன? சும்மான்னு ஒருத்தன் சொன்னா விதிய மாத்திர முடியுமா? நாளைக்கு இன்னொருத்தன் வந்து நிப்பான்."

"சரி மாஸ்டர்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாளும் மீசை இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஒன்றுதான் கண்ணில் பட்டது. வீறாப்பு என்று முடிவு கட்டினேன். பேசாத ஆள்தான் பெரிய பிடிவாதக்காரன் என்று வீட்டில் என் மனைவியிடம் சொன்னது நினைவிருக்கிறது.

ஆரோக்கியம் ஒரு தடவை வந்தான். "மாஸ்டர், அவனைய விட்ருங்க."

"ஏன்னு நீயாச்சும் சொல்லு."

"அது அவன் சொல்லணும் மாஸ்டர். நான் சொல்ல மாட்டேன். சாமிக்கு வளக்குறவன விட்டீங்கல்ல, அதே மாதிரி இவனையும் விட்ருங்க. என்ன ஏதுன்னு கேக்காதீங்க."

"அவன் காரணம் சொன்னான், விட்டேன். இவனும் சொல்லட்டும்."

ஆரோக்கியம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு பந்தைத் தரையில் இரண்டு தடவை தட்டிவிட்டுப் போய்விட்டான். கேப்டனே வந்து கேட்கிறான் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று எனக்குப் படவில்லை. டீம் முழுக்க எனக்கு எதிராகத் திரும்புகிறது என்றுதான் பட்டது. உங்களுக்கும் ஒரு நாள் அப்படித் தோன்றும். அப்போது முடிவு எதுவும் எடுக்காதீர்கள். எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள்.

அந்தச் சனிக்கிழமை திண்டுக்கல் டவுனில் போட்டி. ஆறேழு மில் டீம்கள் வந்திருந்தன. மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, நாலு பக்கமும் கூட்டம். மேனேஜர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரெங்கசாமி மீசையோடு வந்து நின்றான். பனியன் மூட்டை என் கையில் இருந்தது. ஒவ்வொருவனுக்கும் கொடுத்துக்கொண்டே வந்தேன். அவன் கை நீட்டினான். நான் கொடுக்கவில்லை.

"மீசைய எடுத்துட்டு வா, தாரேன்."

"மாஸ்டர், இன்னைக்கி மட்டும்."

"இன்னைக்கித்தான் வேணும். அவரு உக்காந்திருக்காரு பாரு."

"இன்னைக்கி மட்டும் விட்ருங்க மாஸ்டர். நாளைக்கி நீங்க என்ன சொன்னாலும் செய்றேன். இன்னைக்கி எனக்கு வேண்டியவங்க வந்திருக்காங்க."

"வேண்டியவங்க வந்தா இன்னும் நல்லதுதான? சுத்தமா பாக்கட்டும்."

அவன் என்னைப் பார்த்தான். திரும்பி மற்ற ஐந்து பேரையும் பார்த்தான். அவன் இல்லாவிட்டால் அந்த ஆட்டம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அது தெரிந்துதான் நான் அழுத்தினேன். டீமுக்காகப் போவான் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு, மைதானத்துக்கு எதிரே இருந்த முடிவெட்டும் கடைக்குப் போனான்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான். துண்டால் வாயைப் பொத்தியிருந்தான். பனியனைக் கொடுத்தேன். அதைப் போடுவதற்காகத் துண்டை எடுத்தான்.

மூக்கிலிருந்து மேலுதடு வரைக்கும் ஒரு தழும்பு. பிறக்கும்போதே பிளந்திருந்த உதடு. சின்ன வயதில் ஏதோ ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தைத்திருக்கிறார்கள். தையல் ஒரு பக்கமாக இழுத்து, உதடு மேலே தூக்கி, ஒரு பல் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து அந்த முகத்தோடு வாழ்ந்தவன், மீசை முளைத்த பிறகுதான் நிமிர்ந்து நடந்திருக்கிறான். இதையெல்லாம் பிறகு ஆரோக்கியம் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் நான் பார்த்தது தழும்பை மட்டும்தான். கையில் மீதியிருந்த பனியன்களோடு அப்படியே நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்ன வார்த்தை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நடுவர் விசில் ஊதினார். ஆட்டம் தொடங்கிவிட்டது.

முதல் நாலைந்து பந்து வரைக்கும் யாரும் கவனிக்கவில்லை. பிறகு எதிர்ப்பக்கக் கூட்டத்தில் ஒருவன் பார்த்துவிட்டான். "ஏலே, அங்க பாருங்கடா மூளி வாயன!" என்று கத்தினான். சிரிப்பு ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனது. அதற்குப் பிறகு பந்து அவனிடம் வரும்போதெல்லாம் உதட்டைக் குவித்து ஒரு சத்தம் கொடுக்க ஆரம்பித்தார்கள். ரெங்கசாமி பந்தைத் தூக்கிக் கொடுப்பான், கொடுத்த கையோடு இடது கை தானாக வாய்க்குப் போகும். லிஃப்டருக்கு இரண்டு கையும் வேண்டும். பந்து திரும்பி வரும்போது ஒரு கை வாயில் இருக்கும். ஒரு பந்து நழுவியது. இன்னொன்று வலையில் விழுந்தது. 

நேரம் கேட்டு ஆட்டத்தை நிறுத்தினேன். எல்லோரும் கோட்டோரம் வந்தார்கள். ரெங்கசாமி மட்டும் சற்றுத் தள்ளி முதுகைக் காட்டி நின்றான். ஆரோக்கியம் என் காதருகே வந்தான்.

"மாஸ்டர், அவனைய வெளிய எடுத்துராதீங்க."

"எப்படிப்பா விட்டு வைக்க? கத்துறாய்ங்களே."

"கத்தட்டும். செத்த நேரம் கத்திட்டு ஓஞ்சு போவாய்ங்க. நாங்க சுத்தி நிக்கிறோம். இப்ப எடுத்தீங்கன்னா அவன் இனிமே வலைப் பக்கமே வரமாட்டான் மாஸ்டர்."

எனக்கு இருந்தது அரை நிமிடம். ஒரு பக்கம் மேனேஜர் நாற்காலியில் நெளிகிறார். ஒரு பக்கம் கூட்டம். அந்தக் கூட்டத்தின் நடுவில் அவனை இன்னும் நிறுத்தி வைப்பது கொடுமை என்று பட்டது. எடுத்துவிட்டால் அவனுக்கு நிம்மதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிம்மதி தேவைப்பட்டது எனக்கு. என் தப்பு கோட்டுக்கு நடுவில் நின்று எல்லோருக்கும் தெரிந்துகொண்டிருந்தது. அதை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும், அவ்வளவுதான். மாற்று ஆட்டக்காரனைக் கை காட்டினேன்.

"ரெங்கசாமி, நீ உக்காருப்பா."

அவன் திரும்பினான். வாயிலிருந்து கையை எடுத்தான். அன்றைக்கு அவன் மறைக்காமல் என்னை நேராகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"மீசைய எடுத்தாத்தான் உள்ளன்னீங்க. எடுத்தேன். இப்ப வெளிய போகச் சொல்றீங்களே மாஸ்டர்."

குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டதுபோல இருந்தது.  பனியனைக் கழற்றி மடித்து, பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு கயிற்றுக்கு அடியில் குனிந்து போய்விட்டான். ஆட்டத்தில் தோற்றோம். எத்தனை பாயிண்டில் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

முடிவெட்டும் கடைக்காரர் மைதானத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் வெளியே வந்ததும் பக்கத்தில் வந்தார். "மூணு தடவ கேட்டேன் மாஸ்டர், வேணாம்யா, யோசிச்சுக்கன்னு. 'எடுங்கண்ணே, டீம் நிக்கிது'ன்னுட்டு கண்ணை மூடிக்கிட்டாரு. எடுத்து முடிச்சு கண்ணாடியக் காட்டுனா, திருப்பி வைங்கங்கிறாரு. எனக்குக் கையே ஓடல" என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் அந்தப் பாரத்தை யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது போல.

அன்று வந்திருந்த வேண்டியவர்கள் யார் என்பதைத் திங்கட்கிழமை ஆரோக்கியம் சொன்னான். ஆத்தூரில் ரெங்கசாமிக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். மில் வேலைக்காரன், பந்து விளையாட்டில் பேர் எடுத்தவன் என்று பெண்ணின் அண்ணன்மார் இருவரும் அவன் ஆடுவதைப் பார்க்க ஆசைப்பட்டு வந்திருக்கிறார்கள். உதட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. பரிசம் போடுவதற்கு முன் தானே போய்ப் பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும் என்று ரெங்கசாமி ஆரோக்கியத்திடம் சொல்லி வைத்திருந்தானாம். எப்படிச் சொல்வது என்று ஒரு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் சொல்வதற்கு முன்னால், மைதானம் நிறையக் கூட்டத்தை வைத்து நான் சொல்லிவிட்டேன்.

விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துச் செம்பட்டி வழியாக ஆத்தூர் போனேன். பெண்ணின் தகப்பனார் தென்னந்தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு, கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டார். நடந்தது முழுவதும் என் தப்பு, பையன் தங்கமானவன் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"பையன் நல்லவன்னு எனக்கும் தெரியும் வாத்தியாரே. உதட்டுல இப்படின்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, பாத்துட்டுச் சரின்னிருப்போம், இல்ல வேணாம்னிருப்போம். அது எங்களுக்குள்ள. இப்ப என் மூத்தவன் கடைத்தெருவுல நின்னா, ஒன் மச்சான் ஆட்டத்தைப் பாத்தோம்டான்னு சிரிக்கிறாய்ங்க. அவன் ரெண்டு நாளா வீட்டுல சோறு திங்கல. நான் என்ன செய்யட்டும்?"

வீட்டு வாசலிலிருந்து தண்ணீர்ச் சொம்போடு அந்தப் பெண்ணே வந்தாள். சொம்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அன்னைக்கித் தோத்ததுக்கு அவருதான் காரணமா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நான்தான் காரணம்."

இன்னும் ஏதோ கேட்க நினைத்ததுபோல இருந்தது. "உள்ள போ தாயி" என்றார் தகப்பனார். போய்விட்டாள். பேச்சு அத்தோடு முறிந்தது. நான் போனதால் எதுவும் மாறவில்லை. பெரியவர் மட்டும் பஸ் வரும்வரை என்னோடு நின்றார்.

ரெங்கசாமி ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. பிறகு வந்தான். ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, பயிற்சி நேரத்தில் மிஷினில் நின்றான். ஒன்றரை மாதத்தில் மீசை பழையபடி வளர்ந்துவிட்டது. ஆனால் ஆரோக்கியம் சொன்னதுதான் நடந்தது. வலைப் பக்கம் வரவே இல்லை. இரண்டு தடவை அவன் மிஷின் அருகே போய் நின்றேன். சத்தத்தில் காது கேட்காதவன்போல நூலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேனேஜரிடம் போய் நாலாவது விதியை எடுத்துவிடலாம் என்றேன். அவருக்கு வியப்பு.

"நீங்க எழுதுனதுதானுங்களே மாஸ்டர்? நான் கையெழுத்துத்தானுங்க போட்டேன். ஒருத்தனுக்காக எடுத்தா நாளைக்கு மத்தவன் கேட்க மாட்டானுங்களா?"

நான் ரெங்கசாமியிடம் சொன்ன அதே வாக்கியம். ஒரு நாள் பலகையிலிருந்து அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. விதியை எழுதியவன் நான், தப்பும் என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். மறு வாரம் புதிதாக டைப் அடித்து ஒட்டினார்கள். நான் அந்த மில்லை விட்டு வந்த அன்றும் நாலு விதியும் பலகையில் இருந்தன. விதி எழுதுகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். எழுதும்வரைதான் அது உங்களுடையது. ஒட்டிவிட்டால் அதற்கு வேறு முதலாளி வந்துவிடுவார்.

அதனால் கூட்டத்தில் கேட்டவருக்கு என் பதில் இது. அடுத்தவன் மேல் கிழிக்கிற நகம், குத்துகிற மோதிரம், கண்ணில் விழுந்து ஆட்டத்தைக் கெடுக்கிற முடி, இவற்றுக்கு விதி போடுங்கள், தயங்காதீர்கள். பார்க்க எப்படி இருக்கிறார்கள் என்பதற்கு விதி போடத் தோன்றினால், உங்களுக்கு உண்மையில் எதன்மேல் கோபம் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். எனக்குக் கோபம் ஒட்டன்சத்திரத்துக்காரர் பேசிய பேச்சின்மேல். அதைக் கொண்டுபோய் ஒருவன் முகத்தில் இறக்கினேன். இதற்குமேல் எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ரெங்கசாமி காரணம் சொல்லியிருந்தால் போதும் என்று நான் நினைத்திருந்ததும் தப்பாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாலைந்து வருசம் கழித்து வேடசந்தூர் பஸ் நிறுத்தத்தில் ரெங்கசாமியைப் பார்த்தேன். அவன் வேறு மில்லுக்குப் போயிருந்தான். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. பக்கத்தில் நின்ற மனைவியிடம், "எங்க பழைய மாஸ்டர்" என்று சொன்னான். அந்த அம்மா கும்பிட்டார். ஆத்தூர்ப் பெண் அல்ல. நலம் விசாரித்தோம். மழை இல்லாததைப் பேசினோம். எனக்கு அடக்க முடியவில்லை.

"ரெங்கசாமி, அன்னைக்கி நான் பண்ணுனது பெரிய தப்புப்பா."

"அதெல்லாம் போச்சு மாஸ்டர்."

"ஏன்னு கேட்டேன்ல, ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமேப்பா. சொல்லிருந்தா விட்ருப்பேனே."

"விட்ருப்பீங்க மாஸ்டர். அது எனக்குத் தெரியும்." குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டான். "அதான் சொல்லல. சொல்லிருந்தா அதுக்கப்புறம் என்னையப் பாக்குறப்ப எல்லாம் நீங்க ஒதட்டைத்தான் பாத்திருப்பீங்க. அந்த வலையோரம் ஒரு எடத்துலதான் மாஸ்டர் எல்லாரும் என் கையப் பாத்தாங்க."

பஸ் வந்து நின்றது. மனைவி பையை எடுத்துக்கொண்டு முன்னால் ஏறினார். குழந்தை அப்பனின் மீசையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. அவன் அதைத் தடுக்கவில்லை. "வாரேன் மாஸ்டர்" என்று படியில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். பஸ் நகர்ந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அவ்வளவு நேரமும் நான் அவன் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.